‘பிரேக் ஃபேடு’ என்பதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

தருமபுரி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கு ஒரு தமிழ்க் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எங்கள் பட்டறையில் ஒரு பழைய பிரீமியர் பத்மினி நிற்கிறது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். முன்சக்கரங்களில் மட்டும் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் பொருத்தும் வேலையைப் பையன்களை வைத்தே செய்கிறோம். கையேடும் அந்த வேலையின் போக்கிலேயே போகிறது.

டிரம், டிஸ்க், காலிப்பர், பேடு, லைனர் எல்லாம் அவர்கள் வாயில் ஏற்கனவே இருக்கும் சொற்கள். அவற்றை மாற்றப் போவதில்லை. (டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் குடம், லைனர் ஒட்டிய ஷூக்கள் உள்ளிருந்து அதை அழுத்தும். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் வட்டு, காலிப்பர் அதை இருபுறமும் பேடுகளால் கவ்வும்.) ‘பிரேக் ஃபேடு’ என்ற இடத்தில்தான் நின்றுவிட்டேன். இதற்குப் பட்டறையில் தனிச்சொல் இல்லை. எது கெட்டாலும் “பிரேக் பிடிக்கலை” என்ற ஒரே பேச்சுதான். ஆனால் மாணவனுக்கு மூன்றைப் பிரித்துக் காட்டியாக வேண்டும். பெடல் கெட்டியாக இருக்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்க மறுக்கிறது என்றால் லைனரோ பேடோ சூடேறி உராய்வு குறைந்திருக்கிறது. பெடல் மெத்தென்று அமுங்கினால் பிரேக் ஆயில் கொதித்து லைனில் (ஆயில் குழாயில்) ஆவி கட்டியிருக்கிறது. பெடல் வழக்கத்தைவிடக் கீழே போய்ப் பிடித்தால், சூட்டில் டிரம் விரிந்து ஷூவிலிருந்து விலகியிருக்கிறது. எனக்குப் பெயர் வேண்டியது முதலாவதற்கு. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கிப் பழகியவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

அரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஆசிரியர் தம்பிக்கு வாழ்த்து. ஃபேடுக்கு முன்னால் பிரேக்கைக் கவனிக்க வேண்டாமா? தலையை அப்படியே விட்டுவிட்டு வாலுக்கு மட்டும் தமிழ் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓடும் சக்கரத்தை அடக்கும் கருவி நமக்குப் புதிதன்று. தேர் இழுக்கும்போது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறார்கள். தேரை நிறுத்துவதும், வீதி முனையில் திருப்புவதும், வேகத்தைத் தணிப்பதும் அந்தக் கட்டைதான். ‘முட்டு’ என்ற வினையடி தடுத்தல், தாங்கல், எதிர்ப்படல் மூன்றையும் தருகிறது. முட்டு, முட்டம், முட்டுப்பாடு என்று ஒரு சொற்குடும்பமே இருக்கிறது. பிரேக் என்பது முட்டி. டிரம் பிரேக் குடமுட்டி, டிஸ்க் பிரேக் வட்டமுட்டி. ஃபேடு, முட்டயர்வு. அச்சுக்குக் கொடுக்கலாம்.

ஓசூர், பட்டறை நடத்துபவர்:

ஐயா, கோவிச்சுக்காதீங்க. கிருஷ்ணகிரி தாண்டினால் ‘முட்டி’ என்பது முழங்கால். “முட்டி மாத்தணும்” என்று கையேட்டில் படித்துவிட்டு வரும் பையனிடம் நான் என்ன வேலை வாங்குவது? பிரேக் என்ற சொல்லைத் தொடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத லாரி டிரைவரும் சொல்கிற சொல் அது.

ஃபேடுக்கு என் பங்கு: ‘சூட்டுத் தளர்வு’. காரணமும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

ஆசிரியர் சாருக்கு வேலை பற்றியும் ஒன்று. ஏன் டிஸ்க் என்பதைக் கையேட்டில் சரியாகச் சொல்லுங்கள். டிரம்மில் முன்ஷூ சக்கரம் சுழலும் திசையிலேயே உள்ளே இழுபட்டுத் தானாக இறுகும். அந்த இழுப்பால்தான் லேசாக மிதித்தாலும் பிடிக்கிறது. அதே இழுப்புதான் சூடேறினால் எதிரியாகிறது. உராய்வு கொஞ்சம் குறைந்தாலும் பிடி அதைவிட அதிகமாகக் குறைந்துவிடும். டிஸ்க்கில் உராய்வு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவே பிடியும் குறையும், திறந்திருப்பதால் சீக்கிரம் ஆறும். ஆனால் அந்த இழுப்பு இல்லாததால் கால் பலம் அதிகம் வேண்டும். மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாமல் டிஸ்க்கை மட்டும் மாட்டினால், “முன்னைவிட மோசம்” என்றுதான் ஓட்டுகிறவர் சொல்வார்.

ஓசூர், மொழிபெயர்ப்பாளர்:

நான் வாகனக் கையேடுகளை மொழிபெயர்க்கிறவள் என்பதால் சில வார்த்தைகள். வேறு சில ஆவணங்களில் ‘தடை மங்கல்’ என்று பார்த்திருக்கிறேன். இரண்டு பாதியுமே சரியில்லை. தடை என்றால் எலக்ட்ரீசியன் பிரிவுப் பையனுக்கு மின்தடை. மங்குவது வெளிச்சமும் நிறமும். ஆங்கிலத்தில் அந்த வினை வண்ணத்துக்கும் வருகிறது என்பதற்காக நாமும் அதைத் தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை.

பட்டறை அண்ணனின் ‘தளர்வு’ காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் அதே கையேட்டில் “போல்ட்டைத் தளர்த்தவும்” என்று பல இடங்களில் வரும். ‘சூட்டுத் தளர்வு’ என்று படித்தவன் எங்கேயோ நட்டு கழன்றிருக்கிறது என்று ஸ்பேனரைத் தேடுவான். ஐயாவின் ‘அயர்வு’ உலோகம் திரும்பத் திரும்ப வளைந்து விரிசல் விடுவதற்கு ஏற்கனவே பலர் புழங்கும் சொல். அந்த விரிசல் ஆறினால் சரியாகாது. இதுவோ வண்டியை ஓரங்கட்டி ஆறவிட்டால் பெரும்பாலும் மீளும். எதிரெதிர் நடத்தை கொண்ட இரண்டுக்கு ஒரே பெயர் வைக்கக் கூடாது.

காவேரிப்பட்டணம், வாசகர்:

அயர்வு பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன். சங்க இலக்கியத்தில் அயர்தல் களைப்பதல்ல. விழவு அயர்தல், வெறி அயர்தல், விருந்து அயர்தல் என்று ஒன்றை ஆர்வத்தோடு செய்வதைக் குறிக்கும். முட்டயர்வு என்றால் பழம்பொருளில் பிரேக் உற்சாகமாக வேலை செய்கிறது என்றாகிவிடும்!

சக்கரம் என்றதும் நம் மண்ணை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமானைப் பாடும்போது ஔவை, நாளுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் கூடிச் செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் என்கிறார். “திங்கள் வலித்த கால் அன்னோனே.” கால் என்பதே சக்கரம். அவன் மகன் பொகுட்டெழினியைப் பாடும் பாட்டில் உப்பு வணிகர் வண்டி வருகிறது. எருது இளையது, நுகம் பழகாதது, பாரமோ அதிகம். “அவல் இழியினும், மிசை ஏறினும், அவணது அறியுநர் யார்” என்று கீழே ஒரு சேம அச்சை, அதாவது மாற்று அச்சை, கட்டிக்கொண்டு போகிறார்கள். பள்ளத்தில் இறங்குவதைத்தான் முதலில் சொல்கிறார், ஏறுவதை அப்புறம். தொப்பூரில் இன்றைக்கும் பயம் இறக்கத்தில்தான். ஸ்டெப்னிக்குச் ‘சேமச் சக்கரம்’ என்று பெயர் வைக்க வேண்டும் என்று பலமுறை எழுதிவிட்டேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

தருமபுரி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

சேமச் சக்கரம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதைத் தனி இழையில் பேசலாம். அவகாசம் குறைவு.

இறக்கம் என்றதும் ஒன்று. வகுப்பில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு டன் எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக் வாங்கும் வெப்பம் சுமார் 140 கிலோஜூல். அதே கார் 100 மீட்டர் உயரம் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 980 கிலோஜூல். எஞ்சினும் காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளாவிட்டால், ஆறவே விடாமல் ஏழு முறை வண்டியை நிறுத்தியதற்குச் சமம். சின்ன கியரில் இறங்கச் சொல்வது ஏன் என்று அப்போதுதான் பையன்களுக்கு உறைத்தது. இப்படிப்பட்ட இறக்கத்தில் பிரேக்குக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லும் வினை வேண்டும். பெயர்ச்சொல்லைவிட எனக்கு வினைதான் முக்கியம். “பிரேக் …ந்துவிட்டது” என்று அவன் வாயில் வர வேண்டும்.

பாலக்கோடு, கல்லூரித் தமிழ் விரிவுரையாளர்:

வினை என்று கேட்டீர்கள். தொல்காப்பிய உரியியலில் இருக்கிறது: “ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்.” முன்பு இருந்த அளவிலிருந்து ஒன்று நுணுகிக் குறைவது. நீங்கள் விவரித்தது அதேதான். பிரேக் இருக்கிறது, பெடல் இருக்கிறது, அழுத்தமும் போய்ச் சேருகிறது, உராய்வு மட்டும் முன்பிருந்ததைவிடக் குறைகிறது. நான்கில் மூன்றை விட்டுவிடலாம். ‘ஓய்தல்’ நம் வாயில் உயிரோடு இருக்கிறது. “நடந்து நடந்து ஓய்ஞ்சு போயிட்டேன்” என்று எங்கள் பக்கம் தினமும் கேட்கிற பேச்சு. ஓய்ந்தவனுக்கு ஓய்வு கொடுத்தால் எழுந்துவிடுவான், ஆறிய பிரேக்கும் அப்படியே. தூய்மையும் புழக்கமும் ஒரே சொல்லில் கூடி வருவது அபூர்வம். ‘பிரேக் ஓய்தல்’ என்று வையுங்கள்.

அரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நல்ல நூற்பா. அப்படியானால் ‘நிழத்தல்’ என்பதை ஏன் விட வேண்டும்? வேறு பொருள் ஒட்டாத சொல், கலைச்சொல்லுக்கு மிகவும் ஏற்றது. நிழத்தல் என்ற பழஞ்சொல்லை மீட்ட பெருமையும் நம் மாவட்டத்துக்குச் சேரும். முட்டுநிழத்தல்.

ஓசூர், பட்டறை நடத்துபவர்:

ஐயா, நிழத்தல் என்றால் நிழலில் நிறுத்துவது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஓய்தலிலும் எனக்கு ஒரு தடங்கல் இருக்கிறது. மழை ஓய்ந்தது என்றால் மழை நின்றே போய்விட்டது. பிரேக் ஓய்ந்தது என்றால் ‘சுத்தமா போச்சு’ என்றுதான் என் பட்டறையில் புரிந்துகொள்வார்கள். பாதி இறக்கத்தில் டிரைவர் அப்படி நினைத்து ஹேண்ட் பிரேக்கைச் சடாரென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். சொல்லில் கொஞ்சம் பிடி மிச்சமிருக்க வேண்டும்.

ஓசூர், மொழிபெயர்ப்பாளர்:

அண்ணன் சொல்வது நியாயமான கவலை. ஆனால் நுணுக்கத்தைக் காலவடிவம் தாங்கும். ‘பிரேக் ஓய்கிறது’ என்றால் நடந்துகொண்டிருக்கிறது, இன்னும் மிச்சம் இருக்கிறது. கையேட்டில் எங்கும் ‘ஓய்ந்தது’ என்று எழுதாமல் ‘ஓய்கிறது’, ‘ஓயத் தொடங்கும்’ என்றே எழுதலாம். ஆவி கட்டுவதற்கு ‘ஆவிப்பூட்டு’ ஏற்கனவே இருக்கிறது. டிரம் விரிவதற்குப் பெயரே வேண்டாம், ‘பெடல் இறக்கம்’ என்று வெறுமனே சொன்னால் போதும். மூன்றும் பிரிந்துவிட்டன.

ஆவிப்பூட்டு வரும் பக்கத்தில் பிரேக் ஆயில் கணக்கையும் சேர்த்துவிடுங்கள் சார். புது டாட் 3 தர ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4 தரத்துக்கு 230. ஈரம் இழுத்துவிட்டால் அவை 140-க்கும் 155-க்கும் இறங்கிவிடுகின்றன. டிஸ்க் மாற்றிவிட்டுப் பழைய ஆயிலையே விட்டால் மாற்றியதில் அர்த்தமில்லை.

காவேரிப்பட்டணம், வாசகர்:

ஓய்தலுக்கு என் ஆதரவு. ‘ஆவிப்பூட்டு’ மட்டும் உறுத்துகிறது, அங்கே பூட்டு எங்கே இருக்கிறது? பெடல் அமுங்கத்தானே செய்கிறது? ‘ஆவியடைப்பு’ என்றாலும் அடைப்பு இல்லை. ‘ஆவிக்குழைவு’ என்று யோசித்தேன். குழைதல் என்ற சொல் நெகிழ்ச்சி, மென்மை, கலத்தல்…

தருமபுரி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

ஐயா, குழைவைத் தயவுசெய்து அடுத்த வாரத்துக்கு வையுங்கள்.

இன்று வகுப்பில் விளக்கம் எதுவும் சொல்லாமல் கரும்பலகையில் எழுதிப்போட்டேன்: “நீண்ட இறக்கத்தில் பிரேக் ஓயத் தொடங்கும். அப்போது என்ன செய்வாய்?” பெரும்பாலான பையன்கள் “கியர் குறைச்சு, ஓரமா நிறுத்தி ஆறவிடணும்” என்றார்கள். சிலர் லைனர் தேய்ந்துவிட்டது, மாற்றணும் என்றார்கள். அதாவது பட்டறை அண்ணன் பயந்தபடி ‘நின்றேவிட்டது’ என்று யாரும் எடுக்கவில்லை, ஆனால் தேய்மானத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். அதனால் முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘சூட்டில் ஓய்தல்’, அதற்குப் பிறகு ‘ஓய்தல்’. பக்கத்தில் ‘பிரேக் ஃபேடு’ என்று தமிழ் எழுத்திலும் இருக்கும், வேலை தேடிப் போகும் இடத்தில் அந்தச் சொல்லும் காதில் விழ வேண்டுமே. குழுவில் பெரும்பான்மை இதற்குத்தான் என்று எடுத்துக்கொண்டு அச்சுக்கு அனுப்புகிறேன். அனைவருக்கும் நன்றி.

ஓசூர், பட்டறை நடத்துபவர்:

சரி சார், அனுப்புங்கள். என் பட்டறையில் நான் சூட்டுத் தளர்வு என்றே சொல்லிக்கொள்கிறேன்.

காலிப்பர் மாட்டும் பிராக்கெட்டைப் பையன்களை வைத்து வெட்டி வெல்டிங் பண்ணி ஒட்டிவிடாதீர்கள். பிரேக் மிதிக்கும் நேரத்தில் அந்தச் சக்கரத்தை நிறுத்தும் விசை முழுவதும் அந்தத் துண்டில் வந்து நிற்கும். தடித்த பிளேட்டில் ஒரே துண்டாகக் கடைந்து போல்ட்டில்தான் நிற்க வேண்டும். டிரம் காலத்து மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்தால் லைனுக்குள் ஆயிலைத் தள்ளும் உருளை), லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் சின்ன வால்வு பெரும்பாலும் இருக்கும். முன்பக்க லைனிலிருந்து அதை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பேடு உரசிக்கொண்டே ஓடி, சமதரையிலேயே பிரேக் சூடேறும். ரிம்முக்கும் காலிப்பருக்கும் நடுவில் இடம் இருக்கிறதா என்று டிஸ்க் வாங்குவதற்கு முன்னால் பாருங்கள்.

அரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஓய்தலை ஏற்கிறேன். ‘பிரேக்’ அப்படியே அச்சேறுவதற்கு என் எதிர்ப்பைக் குழுவின் பதிவில் வைத்திருங்கள். இரண்டாம் பதிப்பு வரும்போது முட்டி என்பதை மறுபடியும் எடுப்பேன். முழங்காலோடு குழப்பம் வருகிறது என்றால் ‘முட்டுவி’ என்று வைக்கலாம், பிறவினை வடிவம், இலக்கணத்துக்கும் பொருந்தும்.