முடி கொட்டுது, மருந்து போடலாமா? வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

காட்பாடி மருந்தாளுநர்:

முடி வளரத் தலையில் தடவும் மினாக்சிடில் மருந்தை வாங்கிப் போகிறவர்களில் பலர் இரண்டாவது மாதமே நிறுத்திவிடுகிறார்கள். “இன்னா சார், இருந்த முடியும் போவுதே” என்று பாட்டிலோடு திரும்பி வருவார்கள். ஓய்வில் இருக்கும் பழைய முடியைத் தள்ளிவிட்டுத்தான் வேர்க்கால் புது முடியை விடும். இரண்டாம் வாரம் போலத் தொடங்கும் இந்த உதிர்வு பெரும்பாலும் எட்டாம் வாரத்துக்குள் அடங்கும். பலன் கண்ணுக்குத் தெரிய 4 மாதமாவது ஆகும், 6 மாதம் போடாமல் எதுவும் சொல்ல முடியாது. கடைக்காரர்கள் விற்கும்போதே இதைச் சொல்லி அனுப்பணும்.

ஆண்களுக்கான 5% கரைசல் ஒரு வேளைக்கு 1 மில்லி, காலையும் இரவும். அப்படிப் போட்டால் 60 மில்லி பாட்டில் 30 நாளில் தீரணும். இரண்டு மாசம் ஓடுதுன்னா பாதி மருந்துதான் போகுது. வகிடு எடுத்து, டிராப்பர் நுனி தோலைத் தொடுகிற மாதிரி விடணும். முடிமேல் வழிவது வீண். தலை ஈரமில்லாமல் இருக்கணும், போட்டபின் 4 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. படுக்க 2 மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் தலையணையில் ஒட்டி முகத்துக்கு வரும், பெண்களுக்கு நெற்றியோரம் பூனைமுடி வளர்வது இப்படித்தான். நம்ம ஊர் மே மாத வெயிலில் போட்டுக்கொண்டு உடனே ஹெல்மெட் மாட்டினால் வியர்வையோடு கீழே இறங்கிவிடும். காய்ந்ததும் வெள்ளையாகத் தூள் உதிர்வது மருந்துதான், பொடுகு இல்லை. அரிப்பும் சிவப்பும் பலருக்கு அதில் கலந்துள்ள புரோப்பிலீன் கிளைக்காலால் வரும். அவர்கள் டாக்டரிடம் கேட்டு, அது சேராத நுரை வடிவத்துக்கு மாறலாம்.

வீட்டில் பூனை இருந்தால் மிகுந்த கவனம் வேண்டும். மருந்து பட்ட தலையணையை நக்கினால்கூட அதன் உயிருக்கே ஆபத்து.

சத்துவாச்சாரி லேப் டெக்னீஷியன்:

எல்லாக் கொட்டுதலுக்கும் மினாக்சிடில் தேவையில்லை. மழைக்காலத்தில் டெங்கு, டைபாய்டு வந்தவர்களுக்குத் தை, மாசியில் கொத்துக் கொத்தாகக் கொட்டும். காய்ச்சலுக்கும் உதிர்வுக்கும் நடுவே 2, 3 மாதம் இடைவெளி இருப்பதால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை, பழி போர் தண்ணீர்மேல் விழுகிறது. விழுந்த முடியை வெளிச்சத்தில் பாருங்கள். நுனியில் வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு வந்தது. குமிழ் இல்லாமல் துண்டாக இருந்தால் உடைந்தது. உப்புத் தண்ணீரால் முடி சொரசொரப்பாகும், உடையும். உச்சி வழுக்கை அதனால் வராது.

டி.எஸ்.எச். (தைராய்டு சோதனை), ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு) பார்க்க வருகிறவர்கள், முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் அதை அவசியம் சொல்லணும். சில இயந்திரங்களில் அது டி.எஸ்.எச்.சைக் குறைத்துக் காட்டும், இல்லாத தைராய்டு நோய் இருப்பதாகத் தெரியும். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று டாக்டரிடம் கேளுங்கள். முடி உதிர்வுக்கு ஃபினாஸ்டிரைடு மாத்திரை எடுக்கும் ஆண்களுக்கு, புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தச் சோதனையில் பி.எஸ்.ஏ. அளவு ஏறக்குறைய பாதியாகும், 50 வயதுக்கு மேல் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மருந்தாய்வுத் துறையில் இருப்பவர், ராணிப்பேட்டை:

மினாக்சிடில் முதலில் ரத்தக் கொதிப்பு மாத்திரை. உடம்பெல்லாம் முடி வளர்ந்த பக்கவிளைவைப் பிடித்துத்தான் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள், அமெரிக்காவில் 1988-ல் அனுமதி. ஃபினாஸ்டிரைடும் 1992-ல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாக வந்து, 1997-ல் 1 மில்லிகிராமாக முடிக்கு வந்தது. புது மருந்து தாமதமாவதற்குப் பெரிய காரணம் சோதனைக்கு எடுக்கும் எலி. அதன் முடி அலை அலையாக ஒன்றுசேர வளரும், நம் தலையில் ஒவ்வொரு வேர்க்காலுக்கும் தனிக் கணக்கு. எலியில் ஜெயித்தது மனிதத் தலையில் தோற்கும். சோதனையிலும் பொறுமை வேண்டும்: தலையில் சிறு பச்சைப் புள்ளி குத்தி, அதைச் சுற்றி ஒரு சதுர சென்டிமீட்டர் போல இடத்தில் முடியைக் கத்தரித்து, படம் எடுத்து எண்ணுவார்கள். மாதங்கள் கழித்து அதே புள்ளியில் மறுபடி எண்ணணும்.

புழுவெட்டு வேறு கதை, அது நோயெதிர்ப்பு அணுக்கள் வேர்க்காலைத் தாக்குவது. கடுமையான நிலைக்கு 2022-ல் அமெரிக்காவில் பாரிசிடினிப் என்ற, நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரை அனுமதி பெற்றது. 4 மில்லிகிராம் எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல், 36 வாரத்தில் தலையின் 80% முடி நிறைந்தது. தொடங்குமுன் காசநோய் இல்லை என்று பார்த்தே ஆகவேண்டும், நம் நாட்டில் இதில் சமரசமே கூடாது.

குடியாத்தம் வாசகர்:

தேங்காய் எண்ணெயை விடணுமாண்ணே?

காட்பாடி மருந்தாளுநர்:

விட வேண்டாம் தம்பி. எண்ணெய்த் தலையில் மருந்து போடாதீங்க, அவ்வளவுதான். எண்ணெய் வெச்சா தலைக்குக் குளிச்சு, நல்லாக் காயவிட்டு அப்புறம் மருந்து.