புதுப்பிப்பு: பனியே பார்க்காத பிள்ளைகளுக்குப் பனிக்காலப் பாடம்

திருகோணமலையில் தரம் 5 பிள்ளைகளுக்குக் குளிர்நாட்டுப் பனிக்காலத்தை எப்படிச் செய்து காட்டலாம் என்று போன கிழமை கேட்டிருந்தேன். ஐஸ்கட்டியும் நூலும், கடதாசிப் பனிப்பூ என்று இரண்டு யோசனை வந்தது. இரண்டையும் செய்தாயிற்று.

முதல் நாள் சொதப்பல். மீன் வாடியில் ஐஸ் வாங்கிவிட்டேன், வகுப்பு முழுக்கச் சூரை வாடை! மறுநாள் வீட்டு பிரிட்ஜில் உறையவைத்துக் கொண்டுபோனேன்.

கட்டியின் மேல் ஈர நூலை வைத்து, ஒரு சிட்டிகை உப்புத் தூவி, ஒரு நிமிடம் பொறுத்துத் தூக்கினால் கட்டியும் கூடவே வரும். உப்பு மேற்பரப்பை உருக்கும். உருகுவதற்கான வெப்பம் சுற்றியுள்ள நீரிலிருந்தே போவதால், கரைசல் ஐதானதும் நூலைச் சுற்றி மறுபடி உறைந்துவிடும். நிலாவெளியில் இருந்து வரும் பையன் ஒருவன் உடனே, "ரீச்சர், அப்ப கடல் லேசில உறையாதோ?" என்றான். கடல்நீர் ஏறக்குறைய மைனஸ் 1.8 பாகை செல்சியஸில்தான் உறையும். இரவிரவாக நான் எழுதிய விளக்கத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

கடதாசிப் பூவில் ஒரு கவனம். பாதி பாதியாகவே மடித்தால் எட்டு இதழ் வரும். உறையும்போது நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்படுவதால் உண்மைப் பனிப்பூவுக்கு ஆறுதான். முதலில் பாதி, பிறகு மூன்றாக மடியுங்கள். எட்டிதழ் வெட்டிய ஒருத்தி, "இது திருகோணமலைப் பனி" என்று திருத்த மறுத்துவிட்டாள்.

ஜன்னலில் ஒட்டியதெல்லாம் இரவு அடித்த மழைச் சாரலில் ஊறிப்போயிற்று. அவளுடையது மட்டும் கரும்பலகைக்கு மேலே இருக்கிறது.