தாங் காலக் குதிரை: கால் ஒட்டும் இடத்தில் விரிசல், என்ன செய்யலாம்?

கேள்வி: மண்கை

நான்கு மாதமாக ஒரே குதிரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். சீனாவில் தாங் வம்ச காலத்தில் (618–907) கல்லறைக்குள் வைத்த சுடுமண் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். தேன் நிறமும் பச்சையும் முதுகிலிருந்து வழிந்திருக்கும். அதுமாதிரி ஒன்று செய்ய ஆசை. உயரம் 35 செ.மீ.

முதல் குதிரைக்கு வயிற்றைக் கெட்டியாக உருட்டி வைத்தேன். சூளைக்குள் வெடித்துவிட்டது. மறுநாள் கதவைத் திறந்தால் நான்கு கால்கள் மட்டும் அழகாக நின்றுகொண்டிருக்கின்றன, குதிரையைக் காணோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இரண்டாவதுக்கு மண்ணைத் திரியாக உருட்டி அடுக்கி, வயிற்றைக் கூடாகச் செய்தேன். ஒரு நாள் காயவிட்டு, புதிதாகப் பிசைந்த மண்ணில் கால் செய்து, சேற்றுக் குழம்பு தடவி ஒட்டினேன். சூளைக்கே போகவில்லை, மூன்றாம் நாள் தொடையைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் விரிசல். மூன்றாவதும் அப்படியே. அந்தக் காலத்தில் எப்படித்தான் செய்தார்கள்? அப்புறம், அந்தப் பூச்சில் ஈயம் உண்டு என்கிறார்களே, வீட்டில் செய்யலாமா?

பதில்: சூளைக்காரன்

தவறு உங்கள் ஒட்டும் கையில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. ஒரு நாள் காய்ந்த வயிறு பாதி சுருங்கி முடித்திருக்கும். அதில் ஈரக் காலை ஒட்டினால், கால் அதற்குப் பிறகுதான் சுருங்கத் தொடங்கும். இரண்டும் இழுத்துக்கொள்ளும் இடம் தொடை. குழம்பை எத்தனை தடவை தடவினாலும் நிற்காது.

தாங் குயவர்கள் முழுக் குதிரையைக் கையால் வனையவில்லை. அச்சில் மண்ணை அழுத்தி எடுத்த பாகங்களை, எல்லாம் ஒரே பதத்தில் இருக்கும்போது, அதாவது விரலால் அழுத்தினால் குழி விழாது, நகம் மட்டும் பதியும் என்ற நிலையில், கீறிவிட்டுக் குழம்பு தடவி ஒட்டினார்கள். உடல் கூடு. அடிவயிற்றில் ஒரு துளை இருக்கும். அருங்காட்சியகத்தில் குனிந்து பார்த்தால் தெரியும். உங்கள் முதல் குதிரை கேட்டது அந்தக் கூட்டையும் துளையையும்தான். கூடாக இருந்தாலும் காற்றும் நீராவியும் போக வழி வேண்டும்.

இதைவிடப் பழைய, சீனாவின் முதல் பேரரசரான சின் பேரரசரின் சுடுமண் படைவீரர்களிலும், 1974-இல் ஷியான் அருகே கிணறு தோண்டிய விவசாயிகளுக்குக் கிடைத்தவர்களைத்தான் சொல்கிறேன், இதே கணக்கு: கால் கெட்டி, உடல் திரி அடுக்கிய கூடு, தலை தனியாகச் செய்து கழுத்தில் செருகியது. பாரம் கீழே இருந்தால் ஆள் நிற்பான்.

இன்னொன்று. குளம்பு நான்கும் ஒரு மண் பலகையில் ஒட்டியிருக்கும். அந்தப் பலகை மேசையில் பிடித்துக்கொண்டால் சுருங்க முடியாது, காலை இழுக்கும். அடியில் செய்தித்தாளோ மணலோ போடுங்கள். வயிற்றுக்கு முட்டுக் கொடுப்பதானால் அதே மண்ணில் கொடுங்கள். குதிரையோடு சேர்ந்து அதுவும் சுருங்கும். மரக்கட்டை வைத்தால் அது இறங்காது, குதிரையைத் தூக்கி நிறுத்திவிடும். பிளாஸ்டிக் போர்த்தி இரண்டு வாரம். சூளையில் 100 டிகிரிக்குக் கீழே பல மணி நேரம் வையுங்கள். 573 டிகிரியைத் தாண்டும்போதும் அவசரம் வேண்டாம், மண்ணிலுள்ள குவார்ட்ஸ் அங்கே திடீரென்று விரியும்.

பதில்: செம்புப்பச்சை

ஈயம் வேண்டவே வேண்டாம். பொடியைக் கையாளும்போதும் ஆபத்து, சுடும்போது வரும் புகையும் ஆபத்து. அவர்கள் ஈயம் போட்டது பூச்சு குறைந்த சூட்டிலேயே உருகும் என்பதற்காக. அதில் இரும்பு சேர்த்தால் தேன் நிறம், செம்பு சேர்த்தால் பச்சை, கோபால்ட் சேர்த்தால் நீலம். வெறும் உருவை முதலில் அதிகச் சூட்டில் சுட்டு, பூச்சு போட்டபின் அதைவிடக் குறைந்த சூட்டில் இரண்டாம் முறை சுட்டார்கள். ஈயம் இல்லாமல் போராக்ஸ் சார்ந்த பூச்சுகள் இருக்கின்றன, அவையும் வழியும். செம்மண்ணில் நிறம் மங்கிப்போகும், வெள்ளை மண்ணில் செய்யுங்கள்.

குதிரைக்காரன் ஒருவனையும் செய்யப் போகிறீர்கள் என்றால், முகத்தில் பூச்சு போடாதீர்கள். வழிந்து கண்ணும் வாயும் மூடிவிடும். தாங் உருவங்கள் பலவற்றில் முகம் வெறும் மண்ணாக இருப்பது அதனால்தான். சுட்டபிறகு சாயத்தால் புருவம் உதடு வரைந்தார்கள். அந்தச் சாயம் உதிர்ந்துபோனதால், நாம் இன்று வெளுத்த முகங்களாகப் பார்க்கிறோம்.

பதில்: வழிப்போக்கன்

உங்கள் குதிரை சட்டவிரோதம் நண்பரே! தாங் அரசு விதிப்படி இந்த மாதிரிக் குதிரைக்கும் மனித உருவுக்கும் ஒரு ச்சி உயரம்தான், ஏறக்குறைய 30 செ.மீ. எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு: மூன்றாம் நிலையும் அதற்கு மேலும் உள்ள அதிகாரிக்கு 90, ஐந்தாம் நிலை வரை 60, ஒன்பதாம் நிலை வரை 40. யார் கேட்டார்கள்? இதைவிட இரண்டு மடங்கு உயரக் குதிரைகளே கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன.

நான் சொல்வது, நான்கு காலை விட்டுவிட்டு இரண்டு காலில் தொடங்குங்கள். ஹான் பேரரசர் ஜிங்கின் (மறைவு கி.மு. 141) யாங்லிங் கல்லறையில் சுமார் 60 செ.மீ. உயர உருவங்கள் இருக்கின்றன. ஆடை இல்லை, கையும் இல்லை. முதலில் மரக் கை பொருத்தி, துணி உடுத்திப் புதைத்தார்கள். மரமும் துணியும் மக்கிப்போயின. கையே செய்ய வேண்டாம் என்பது எவ்வளவு வசதி!

ஆனால் கன்ஃபூசியஸுக்கு இந்தத் தொழிலே பிடிக்காது. கல்லறைக்கு மனித உருவம் செய்த முதல் ஆளுக்கு வாரிசே இருக்காது என்று அவர் சொன்னதாக, அவர் வழியில் வந்த சிந்தனையாளர் மென்சியஸின் நூலில் வருகிறது. குதிரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

மண்கை (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. அச்சு செய்யப் பொறுமை இல்லை, ஆனால் எல்லாப் பாகத்தையும் ஒரே நாளில் செய்து ஒரே பிளாஸ்டிக்கில் மூடி வைத்து, மறுநாள் ஒட்டினேன். அடிவயிற்றில் துளை, நடுவில் மண் முட்டு, அடியில் செய்தித்தாள். இன்றோடு 16 நாள். தொடையில் கீறல்கூட இல்லை.

வயிற்றுக்குக் கொடுத்த மண் முட்டினை எடுக்கும்போது என் முழங்கை பட்டு இடது காது போய்விட்டது. சரி, அது காய்ந்த மண், இனி ஒட்டாது என்று எனக்கே இப்போது தெரிகிறது. அப்படியே சுடப் போகிறேன். சட்டத்துக்காக உயரத்தையும் 29 செ.மீ. ஆக்கிவிட்டேன்.