ஸ்லிட்: பிளவா, இடுக்கா?

எல்லாருக்கும் வணக்கம்,

நம்ம கலைச்சொல் பட்டியல்ல, வெளிச்சத்த நிறம் நிறமா பிரிச்சுக் காட்டுற நிறமாலைமானிக்குள்ள வெளிச்சம் நுழையுற மெல்லிய வழியான ஸ்லிட்டுக்கு 'பிளவு'ன்னு போட்டிருக்கோம், பாடப்புத்தகத்துலயும் அதான் இருக்கு, ஆனா எனக்கு அது ஒட்டவே மாட்டேங்குது. பிளவுன்னா ஒரே பொருள் வெடிச்சு ரெண்டா போறது. இங்க ரெண்டு விளிம்பு கிட்டக்கிட்ட நிக்குது, நடுவுல மயிரிழை சந்து. அதுக்கு வீட்டுல தினம் புழங்குற சொல்லே இருக்கே: இடுக்கு. கதவிடுக்கு, பல்லிடுக்கு.

கருவி வளர்ந்த கதையும் இதத்தான் சொல்லுது. சூரிய வெளிச்சத்த முப்பட்டகத்தால (முக்கோணக் கண்ணாடிக் கட்டை) பிரிக்க நியூட்டன் ஜன்னல் பலகையில போட்டது வட்ட ஓட்டை, அதனால ஒவ்வொரு நிறமும் வட்டமா ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து நடுவுல இருந்த கருங்கோடெல்லாம் மூடிப்போச்சு. 1802ல ஆங்கிலேய விஞ்ஞானி வாலஸ்டன் அங்குலத்துல இருபதுல ஒரு பங்கு அகலத்துக்கு மட்டும் வெளிச்சத்த இருட்டறைக்குள்ள விட்டு, 10, 12 அடி தள்ளி முப்பட்டகத்த கண்ணுகிட்ட வச்சுப் பார்த்தாரு, கோடு தெரிஞ்சிருச்சு. அவர் எழுதுன சொல் ஸ்லிட்கூட இல்ல, கிரெவிஸ்! அப்படியே நம்ம இடுக்கு. ஜெர்மன்காரர் ஃபிரான்ஹோஃபர் 24 அடி தள்ளி தியோடலைட் (கோணம் அளக்குற கருவி) தொலைநோக்கிய வச்சுப் பார்த்து 500க்கு மேல கோடு எண்ணுனதும் ஜன்னல் கதவுல இருந்த ஒரு இடுக்க வச்சுத்தான். 1860ல ஜெர்மன் விஞ்ஞானிங்க கிர்க்காஃபும் புன்சனும் செஞ்ச நிறமாலைமானியில ரெண்டு பித்தளை விளிம்ப எதிரெதிரா நிறுத்தி இடுக்க கருவியோட குழாயிலயே வச்சிருந்தாங்க.

முக்கியமா ஒண்ணு, நிறமாலையில நாம 'வரி'ன்னு (கோடு) சொல்றதே அந்த இடுக்கோட பிம்பம்தான். காலேஜ் லேப்ல சோடியம் விளக்க வச்சுட்டு கிரேட்டிங் (நெருக்கமா கோடு கீறின, நிறம் பிரிக்கிற தகடு) வழியா பார்த்தப்போ முதல்ல ஒரே தடியா மஞ்சப் பட்டை, இடுக்கோட அகலத்த மாத்துற திருக மெல்ல மெல்ல இறுக்க இறுக்க அந்தப் பட்டை மெலிஞ்சு சட்டுன்னு ரெண்டு கோடா பிரிஞ்சது இன்னும் கண்ணுல நிக்குது. குறுக்கால ஒரு கருப்புக் கீறலும் ஓடுச்சு. லேப் அண்ணன் எட்டிப் பார்த்துட்டு "இடுக்குல தூசி மாட்டியிருக்கு, தொடைங்க"ன்னாரு. பிளவுல தூசின்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

ஸ்லிட்டுக்கு 'கீற்று' போடலாம்னு முந்தைய மடல்ல வந்திருந்துச்சு. கீற்று உள்ள வர்ற வெளிச்சம், வழி இல்ல, போதாததுக்கு கிரேட்டிங்க்கு கீற்றணின்னு ஏற்கனவே இருக்கு, குழம்பும். ரெண்டு ஸ்லிட் வழியா வெளிச்சத்த விடுற யங் சோதனையில 'இரட்டைப் பிளவு' ஊறிப்போச்சேன்னா, இரட்டை இடுக்குன்னு சொல்லிப் பாருங்க, நாக்குல நல்லாவே நிக்குது. ஸ்லிட் வழியா வர்ற வெளிச்சத்த இணைக்கதிரா மாத்துற கொலிமேட்டருக்கு 'இணையாக்கி' அருமையான சொல், அத தொட வேணாம்.

இடுக்கோட அகலத்த கூட்டிக் குறைக்கிற அந்தத் திருகுக்கு 'இடுக்குத் திருகு'ன்னு போட்டுறலாமா?