டயாலிசிஸ் இலவசம் என்கிறார்கள், அப்புறம் ஏன் கடன்?

பொன்வண்டு:
சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் செலவை வளரும் நாடுகள் பலவற்றில் அரசே ஏற்கிறது. தாய்லாந்தில் 2008 முதல், இந்தியாவில் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2016 முதல். அப்படியும் நிலத்தை விற்றோம், வட்டிக்கு வாங்கினோம் என்றுதான் குடும்பங்கள் சொல்கின்றன. பணம் எங்கேதான் போகிறது? இவ்வளவு செலவு பிடிக்கும் சிகிச்சையை ஏழை நாடு தலையில் போட்டுக்கொள்ளலாமா என்றும் ஒரு சந்தேகம்.

அலைவரிசை:
இலவசம் என்பது பெரும்பாலும் மெஷினோடு இருக்கும் அந்த நாலு மணி நேரத்துக்குத்தான். வாரம் மூன்று என்றால் வருஷத்துக்கு 156 தடவை. ஒவ்வொரு தடவையும் போய்வரும் செலவு, நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் அன்றைய கூலி போச்சு. ரத்தம் ஏறப் போடும் எரித்ரோபொய்ட்டின் ஊசி, இரும்புச்சத்து ஊசி, மெஷினோடு இணைக்க வசதியாகக் கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்து ஃபிஸ்டுலா வைக்கும் ஆபரேஷன், டெஸ்ட் எல்லாம் பல இடங்களில் தனிக்கணக்கு. கட்டுப்படியாகாமல் வாரம் இரண்டாகக் குறைத்துக்கொள்வார்கள், நுரையீரலில் நீர் கோத்து அவசரப் பிரிவுக்கு ஓடுவார்கள், மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரே பில்லில் போய்விடும். ஃபிஸ்டுலா பயன்படுத்தத் தயாராக வாரக்கணக்கில் ஆகும். கடைசி நேரத்தில் வருபவருக்குக் கழுத்தில் குழாய்தான், அதில் கிருமி தொற்றினால் மறுபடி அட்மிஷன்.

கணக்குப்பிள்ளை:
இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவில் இது நீதிமன்றம் வரை போயிற்று. இருக்கிற வசதி எல்லோருக்கும் போதாது, யாருக்குக் கொடுப்பது என்று மருத்துவமனை வரையறுக்கலாம் என 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றமே சொல்லிவிட்டது. கேட்கக் கொடூரமாக இருக்கிறது, ஆனால் வெளிப்படையாகவாவது சொன்னார்கள். மற்ற நாடுகளில் அதே தேர்வைப் பணப்பை சத்தமில்லாமல் செய்கிறது. 2010இல் உலகம் முழுக்க டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ கிடைத்தவர்கள் சுமார் 26 லட்சம், கிடைக்காமல் இறந்தவர்கள் குறைந்தது 23 லட்சம் அளவில் இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு.

தாய்லாந்து வேறு வழி பார்த்தது. வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுத்து வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்று வழி டயாலிசிஸுக்குத்தான் முதலில் அரசுப் பணம்; மெஷின்தான் வேண்டும் என்றவர் கைக்காசு போட வேண்டியிருந்தது. 2022இல்தான் விரும்பியதைத் தேர்ந்தெடுக்க விட்டார்கள். எல்லா நாட்டுக்கும் இது மலிவு என்று நினைத்துவிடாதீர்கள், திரவப் பைகளை இறக்குமதி செய்யும் நாட்டில் கணக்கு தலைகீழாகிவிடும்.

பொன்வண்டு:
அப்போ மாற்று அறுவை சிகிச்சை? ஒரேயடியாக முடிந்துவிடுமே.

அலைவரிசை:
முடியாது நண்பரே. முதல் வருஷம் தாண்டினால் பொதுவாக டயாலிசிஸை விடச் செலவு குறைவுதான், ஆனால் உடல் புதுச் சிறுநீரகத்தை நிராகரிக்காமல் இருக்க, அது வேலை செய்யும் வரை மாத்திரை உண்டு. ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்துவிட்டு மாத்திரையைக் கைவிடும் திட்டத்தைப் போல முட்டாள்தனம் கிடையாது. பணமில்லாமல் மாத்திரையை நிறுத்தினால் சிறுநீரகம் போய்விடும், திரும்ப மெஷின்தான். அதனால் எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் ஊசி, ஃபிஸ்டுலா, மாத்திரை மூன்றும் அதில் உண்டா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெயில்மழை:
இன்னும் அந்தக் கட்டத்துக்குப் போகாதவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை: சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் வருஷம் ஒருமுறை சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும், ரத்தத்தில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவும் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்தே ஒரு டயாலிசிஸ் செலவுக்குப் பக்கத்தில் வராது.