சுருட்டை முடியோடு மணவறையில் உட்காரலாமா?

நொய்யல்காரி:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். நல்ல கருப்பு, போதாததற்குக் கம்பிச்சுருள் மாதிரி முடி. தையில் கல்யாணம். "ஸ்மூத்தனிங் பண்ணிக்க கண்ணு, போட்டோவுல தலை குருவிக்கூடாட்டத் தெரியும்" என்று பெரியம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டார். ஆறு வருடமாக முடியை நேராக்கப் பார்லருக்குக் கொட்டியவள்தான் நான். கடைசித் தடவை நெற்றியோரம் முடி கொத்தாகக் கையோடு வந்தது.

போன மாதம் எங்களிடம் சரக்கு வாங்கும் பையர் தரப்பில் தரம் பார்க்க அமெரிக்காவிலிருந்து ஒரு கருப்பினப் பெண்மணி வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். முடியை எதுவுமே செய்யாமல் உருண்டையாக வளர்த்திருந்தார். டீ நேரத்தில் என் வகிட்டைப் பார்த்தார். வேரில் இரண்டு விரற்கடைக்குச் சுருள் எட்டிப் பார்த்தது. "இதை ஏன் ஒளிக்கிறாய்?" என்றார். சின்ன வயதில் அவருக்கு முடி நேராக்கப் பூசிய பசையில் இருந்தது சோடியம் ஹைட்ராக்சைடாம். மண்டை வெந்து புண்ணாகியிருக்கிறது. அதாவது நம் சாயப்பட்டறையில் போடுகிற அதே காஸ்டிக் சோடா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அன்றோடு பார்லரை விட்டுவிட்டேன். தையில் பாதி சுருள், பாதி நேராக இருக்கும். வெட்டிவிடலாமா? பெரியம்மாவை எப்படிச் சமாளிப்பது?

கோபி அக்கா:
ரசாயனம் பட்டதை ஒரேயடியாக வெட்டுவதற்குக் கருப்பினப் பெண்கள் 'பிக் சாப்' என்று பேரே வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். காய்ந்த முடியில் சீப்பு வைக்காதீங்க. ஈரத்தில், அகலப்பல் சீப்பால், நுனியிலிருந்து மேலே போங்க. மண்டையில் ஊறும் எண்ணெய் சுருள்களில் இறங்கி நுனிவரை வராது, வறட்சி அதனால்தான். எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) செம்பருத்தி இலையை அரைத்துத் தேய்ப்பார். ஷாம்பு எதுவும் கிட்ட நிற்காது.

மருந்துக்கடைக்காரன், ஈரோடு:
முடி முடிந்ததும் அடுத்து முகத்துக்கு வருவார்கள், பாருங்க. கல்யாணத்துக்கு முன்னால் 'வெளுப்பு க்ரீம்' கேட்டு வராத வாரமில்லை. பல க்ரீம்களில் க்ளோபெட்டசால், மொமெட்டசோன் மாதிரி ஸ்டீராய்டு இருக்கும். முதலில் பளபளக்கும், நாளாக நாளாகத் தோல் மெலிந்து, வெயில் பட்டாலே சிவந்து எரியும். ஏற்கெனவே ரொம்ப நாளாகப் போடுகிறவர்கள் பட்டென்று நிறுத்தாமல் தோல் டாக்டரைப் பாருங்க.

பவானிக்கூடல்:
ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீங்க. நம் வீட்டுப் பேச்சும் அந்தக் கருப்பினப் பெண்கள் பட்டதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் அடிமை வியாபாரத்திலிருந்து வருகிற கதை அது. முடியைக் காட்டி வேலையையும் பள்ளியையும் மறுக்கக்கூடாது என்று சட்டம் போட வேண்டியிருந்தது. கலிபோர்னியா 2019இல் முதலில் போட்டது, 'கிரௌன்' சட்டம் என்பார்கள். அதே வருடம் தென்னாப்பிரிக்காவின் ஸோஸிபினி டுன்சி, ஒட்ட வெட்டிய சுருள் முடியோடு மிஸ் யுனிவர்ஸ் ஆனார். அந்தப் போட்டோவைப் பெரியம்மாவிடம் காட்டுங்க.

நொய்யல்காரி:
காட்டினேன். "புள்ளை லட்சணமாத்தான் இருக்குது, ஆனா அவ என்ன இணைச்சீர் செய்யற வீட்டுக்கா வாக்கப்படறா?" என்றார். இணைச்சீர் எங்கள் கொங்குப் பக்கத்துக் கல்யாணச் சடங்கு. சரிதான் என்று காஸ்டிக் சோடா கதையை எடுத்தேன். பெரியம்மா வீடு, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். சாயத்தண்ணி இறங்கி அவர்கள் கிணறு போனது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்தக் கருமத்தையா தலையில ஊத்துவாங்க?" என்று எழுந்துபோய் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார்.

வெட்டுவதைப் பற்றி இன்னும் வாயைத் திறக்கவில்லை.