த்ரெட் லைப்ரரி சேர்த்ததிலிருந்து லினக்ஸ் மொத்தமாக உறைகிறது, உதவி தேவை

கேட்டவர்: நாலு கோர் கணினி, சி மொழியில் எழுதிய நிரல். வெளியிலிருந்து எடுத்த லைப்ரரி ஒன்று கோருக்கு ஒன்றாக நாலு த்ரெட்களை (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பணிகள்) கிளப்புகிறது. சுமை ஏறினால் மவுஸ்கூட அசையாது, வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகவும் நுழைய முடியாது. ஆனால் பிங் செய்தால் (உயிரோடு இருக்கிறதா என்று நெட்வொர்க்கில் கேட்டால்) பதில் வருகிறது! மெமரி சோதித்தாயிற்று, சூடும் இல்லை, கெர்னலின் (லினக்ஸின் மையப்பகுதி) பதிவேடும் சுத்தம். ஒரு நிரலால் இப்படிச் செய்ய முடியுமா?

பதில் 1: பிங்தான் துப்பு. அதற்குப் பதில் தருவது கெர்னல். எஸ்எஸ்எச் சாதாரண புராசஸ், அதற்கு சிபியு கிடைக்கவில்லை. ரூட்டாகவா (முழு அதிகாரமுள்ள கணக்கில்) ஓட்டுகிறீர்கள்? சுமை ஏறும் முன்பே பிஎஸ் கட்டளையில் த்ரெட் வாரியாக ஷெட்யூலிங் வகையை (யாருக்கு எப்போது சிபியு என்று தீர்மானிக்கும் முறை) பாருங்கள். டிஎஸ் என்றால் சாதாரணம், எஃப்எஃப் என்றால் ரியல்டைம் ஃபிஃபோ, அதாவது சாதாரண த்ரெட்களை முந்திக்கொண்டு ஓடும் வகை.

கேட்டவர்: ரூட்தான். நாலும் எஃப்எஃப், முன்னுரிமை 50. மெயின் த்ரெட் மட்டும் டிஎஸ். என் நிரலில் இதை எங்கும் கேட்கவில்லை. ஆனால் ரியல்டைம் த்ரெட்களுக்கு சிபியு நேரத்தில் 95 சதவீத வரம்பு உண்டே?

பதில் 1: உண்டு. ஷெட் ஆர்டி ரன்டைம் அமைப்பின் இயல்பு மதிப்பு 950000 மைக்ரோ விநாடி, அதாவது விநாடிக்கு 0.95 விநாடி. கெர்னல் 6.12க்கு முந்தையதாக இருந்து, யாராவது அதை -1 ஆக்கியிருந்தால் வரம்பே இல்லை.

பதில் 2: வரம்பு மட்டும் விஷயமில்லை. லைப்ரரி லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) எடுக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். கிடைக்கும்வரை சுற்றிச் சுற்றி ஷெட் யீல்ட் (சிபியுவை விட்டுக்கொடுக்கும் அழைப்பு) அழைக்கிறதா? ஃபிஃபோவில் அது அதே முன்னுரிமை உள்ளவருக்குத்தான் வழிவிடும், கீழே இருப்பவருக்கு விடாது. லாக்கை மெயின் த்ரெட் பிடித்திருந்தால் அதை விடுவிக்க அதற்கு சிபியு வேண்டும். நாலு கோரிலும் இந்த ரியல்டைம் த்ரெட்கள் சுழன்றுகொண்டிருக்கின்றன. அப்புறம் எங்கே விடுவிப்பது?

கேட்டவர்: அப்படியே இருக்கிறது, சுழலும் லாக்தான். வரம்பும் -1. லைப்ரரியோடு வந்த நிறுவல் ஸ்கிரிப்ட்டே மாற்றியிருக்கிறது! 950000க்குத் திருப்பியதும் கணினி இழுத்து இழுத்தாவது நகர்கிறது. ரியல்டைமை நிறுத்தும் அமைப்பும் ஆவணத்தில் இருந்தது, போட்டதும் உறைவதில்லை.

பதில் 2: ரியல்டைம் உண்மையிலேயே தேவைப்பட்டால் சுழலும் லாக்கை எடுத்துவிட்டு, முன்னுரிமை வாரிசு வசதி (காத்திருப்பவரின் முன்னுரிமையைப் பூட்டைப் பிடித்திருப்பவருக்குத் தற்காலிகமாகத் தருவது) உள்ள பிதிரெட் மியூடெக்ஸ் என்ற லாக்கைப் போடுங்கள். அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், இயல்பாக வராது. நிறுவல் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் கெர்னல் அமைப்பை மாற்றுவது அராஜகம், அவர்களிடம் புகார் கொடுங்கள்.

பதில் 1: அடுத்த சோதனைக்கு முன் சிஸ்ஆர்க்யூவை (விசைப்பலகையிலிருந்து கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளையிடும் வசதி) இயக்கி வையுங்கள். மறுபடி உறைந்தால் ஆல்ட், சிஸ்ஆர்க்யூ, என் (N) ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். ரியல்டைம் த்ரெட்கள் சாதாரண வகைக்கு இறங்கிவிடும், பவர் பட்டனைத் தொட வேண்டியிராது.